ஊதா மூடிக்கு முன் மஞ்சள் மூடி: சிங்கப்பூரில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது மாதம். ஒரு மாலை, ஒரு முதியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 8-க்கு மேல் காட்டியது. 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்க வேண்டிய அளவு அது. 8 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். பதறிப்போய் வார்டுக்குப் போன் எடுக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்த அக்கா, ஈப்போக்காரர், கையைப் பிடித்து நிறுத்தினார். “கால்சியம் என்ன வந்திருக்குன்னு முதல்ல பாரும்மா.” பார்த்தேன். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. “அந்தத் தாத்தா இப்போ கட்டில்ல உட்கார்ந்து கஞ்சி குடிச்சிட்டிருப்பார். ஊதா மூடி டியூப்ல இருந்து மஞ்சள் மூடிக்கு ஊத்தியிருக்காங்க. போன் பண்ணு, ஆனா வேற சாம்பிள் எடுக்கச் சொல்லு.” வேறு சாம்பிள் வந்தது. பொட்டாசியம் 4.2.

அன்றைக்கு இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த ரத்தத்தில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது. இந்தத் தொழிலில் தப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்கு முன்னால், ஊசிக்கும் ரேக்குக்கும் நடுவில்தான் நடக்கிறது. அந்தப் பாதையைப் படிப்படியாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் லேப் படிப்பு முடித்து வருபவர்கள், இங்கேயே பாலிடெக்னிக்கில் படித்துச் சேர்பவர்கள், ரத்தம் எடுக்கப் பயிற்சி பெறுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். உங்கள் லேபில் எழுதி வைத்த நடைமுறை இருக்கும். அதுதான் உங்களுக்குச் சட்டம். அந்த நடைமுறை ஏன் அப்படி இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன். கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளும், யாரோ ஒருவரின் சாம்பிள் கெட்டுப்போனதால் யாரோ ஒருவர் யோசித்துச் செய்த பொருள். காரணம் தெரிந்தால் விதி மறக்காது.

முதல் படி: பெயர்

டியூபில் தப்பான பெயர் ஒட்டினால், அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் பயனில்லை. இங்கே ஒரே வார்டில் டான் என்றும் லிம் என்றும் ஐந்தாறு பேர் படுத்திருப்பார்கள். மலாய்ப் பெயர்களில் பின், பின்த்தே வரும். இங்கே பிறந்த தமிழர் பெயருக்கு நடுவில் ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’ இருக்கும். ஊரிலிருந்து வந்தவருக்கோ அப்பா பெயர் முன்னால் ஓர் ஆவணத்திலும் பின்னால் இன்னோர் ஆவணத்திலும் இருக்கும். அதனால் பெயர் மட்டும் போதாது. பெயரும் அடையாள அட்டை எண்ணும், வெளிநாட்டவர் என்றால் ஃபின் எண்ணும், இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். “நீங்கதானே முத்து?” என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டியும் தலையாட்டுவார், விடுதியிலிருந்து காய்ச்சலோடு வந்த தொழிலாளியும் மரியாதைக்கு “ஆமாங்க” என்பார். “அண்ணா, உங்க முழுப் பெயரைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். பார்கோடு ஸ்டிக்கரை ரத்தம் எடுத்த பிறகு, அவர் பக்கத்திலேயே நின்று ஒட்டுங்கள். வெறும் டியூபில் முன்கூட்டியே பெயர் ஒட்டித் தட்டில் அடுக்கி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு டியூப் மிஞ்சும், அது அடுத்தவர் கைக்குப் போகும்.

இரண்டாம் படி: ஊசிக்கு முன் இரண்டு கேள்வி

“கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?” “சாப்பிடலை, காலைல ஒரு தே மட்டும்தான்.” இந்தப் பதிலை நீங்கள் வாரத்துக்குப் பல முறை கேட்பீர்கள். இங்கே டீயைத் தே என்பார்கள். காப்பிக்கடைத் தேயில் கெட்டிப்பால் இருக்கிறது, அதில் சர்க்கரை இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு பார்க்க வந்தவருக்கு அது சாப்பாடுதான். தே குடித்ததை நம் ஆட்கள் சாப்பிட்டதாகவே நினைப்பதில்லை. அதனால் “தே, கோப்பி, மைலோ ஏதாவது குடிச்சீங்களா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. இது தெரியாமல் பாவம், பலர் பசியோடு வந்து காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, எந்தக் கையில் டிரிப் ஓடுகிறது? குளுக்கோஸ் ஏறும் கையில் ரத்தம் எடுத்தால் சர்க்கரை வானத்தைத் தொடும், மற்ற எல்லாம் நீர்த்துப்போகும். மறு கையில் எடுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்துங்கள். ஸ்பிரிட் காயட்டும், ஈரத்தோடு குத்தினால் வலியும் அதிகம், அணுக்களும் உடையும்.

மூன்றாம் படி: மூடியின் நிறம்

இதில் நிதானமாக இருங்கள், அவசரப்படுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

முன்பெல்லாம் சிரிஞ்சில் உறிஞ்சி, திறந்த கண்ணாடிக் குழாய்களில் பிரித்து ஊற்றுவார்கள். சிந்தும், கையில் படும், அளவு மாறும். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜோசப் கிளைனர் என்பவர், காற்றை வெளியேற்றி மூடிய குழாயை உருவாக்கினார். பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் அதை வேக்குடெய்னர் என்று விற்றது. ஊசியின் மறுமுனை மூடியைத் துளைத்ததும், உள்ளே இருக்கும் வெற்றிடம் தனக்கு வேண்டிய அளவு ரத்தத்தை மட்டும் இழுத்துக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் கையில் எடுக்கும் டியூப் அந்த யோசனையின் வாரிசு. அளவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதால்தான் உள்ளே இருக்கும் மருந்தின் அளவும் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது வரிசை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில்கள் முதலில், ஏனென்றால் அதில் வெளிக்கிருமி சேரக்கூடாது. அடுத்து வெளிர்நீல மூடி, சிட்ரேட் உள்ளது, உறைதல் சோதனைகளுக்கு. அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, சீரத்துக்கு, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீருக்கு. பிறகு பச்சை, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின். அதன் பின் ஊதா, ஈடிடிஏ. கடைசியில் சாம்பல், ஃபுளோரைடு.

ஊதா ஏன் மஞ்சளுக்குப் பிறகு? ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, அதனால் ரத்தம் உறைவதில்லை. ஆனால் டியூபுக்குள் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அதில் ஒரு துளி மஞ்சள் மூடிக்குள் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். முதலில் சொன்ன தாத்தாவுக்கு நடந்தது இதுதான். பொட்டாசியமும் கால்சியமும் இப்படி எதிரெதிராக ஓடினால் உங்கள் மனதில் ஊதா நிறம் தோன்ற வேண்டும். ரத்தம் போதவில்லை என்று ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது எந்த நிலையிலும் கூடாது.

வெளிர்நீல மூடியில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். கோடு வரை நிறையவில்லை என்றால் சிட்ரேட் மிகுந்துவிடும், உறையும் நேரம் நீண்டு காட்டும், மருத்துவர், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே இருக்கும் நீல டியூபை நாங்கள் திருப்பி அனுப்பும்போது செவிலியர் சிலர் கோபப்படுவார்கள். அமைதியாகக் காரணம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பட்டாம்பூச்சி ஊசியில் எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அதோடு இணைந்த மெல்லிய குழலில் இருக்கும் காற்றுதான் முதலில் டியூபுக்குள் போகும். அதனால் முதலில் ஒரு வெற்று டியூபைக் குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு நீலத்தைக் குத்துங்கள்.

சாம்பல் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். ஃபுளோரைடு அதைத் தடுக்கிறது, ஆனால் முழுதாகத் தடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சாம்பல் மூடிதானே என்று அதையும் மேசையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்.

நான்காம் படி: புரட்டுங்கள், குலுக்காதீர்கள்

டியூபை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவது ஒரு புரட்டல். நீலத்துக்கு 3 அல்லது 4, மஞ்சளுக்கு 5, பச்சைக்கும் ஊதாவுக்கும் சாம்பலுக்கும் 8 முதல் 10. வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளினாலும், மிக மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும் இதே கதிதான். அணுவுக்குள் இருந்த பொட்டாசியமும் எல்டிஹெச் என்ற நொதியும் வெளியே கொட்டும். இயந்திரம் அந்த நிறத்தை அளந்து எச்சரிக்கும். எச்சரித்தும் முடிவை அனுப்புவது நம் தவறு.

ஊதாவைப் புரட்டாமல் விட்டால் சின்னச் சின்னக் கட்டிகள் உருவாகும். அது ஏன் பெரிய பிரச்சினை என்பதற்கு வாலஸ் கூல்ட்டரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் காலத்தில் ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் எண்ணினார்கள், கண் எரியும், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். உப்புநீரில் அணுக்களைக் கலந்து, மிகச் சிறிய துளை வழியாக ஒவ்வொன்றாக இழுத்து, அந்தத் துளையில் மின்சாரம் ஓடவிட்டால், ஒவ்வோர் அணுவும் கடக்கும்போது மின்சாரம் ஒரு கணம் தடைபடும் என்று அவர் கண்டார். எத்தனை முறை தடைபட்டதோ அத்தனை அணு. எவ்வளவு தடைபட்டதோ அவ்வளவு பெரிய அணு. ஆரம்பச் சோதனைகளில் சிகரெட் பெட்டி மேல் சுற்றிய செலோஃபேன் தாளில் ஊசியால் துளையிட்டுத்தான் பார்த்திருக்கிறார். 1953-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் டெங்கி நோயாளியின் பிளேட்லெட்டை நாம் எண்ணும் பல இயந்திரங்களுக்கு அடிப்படை அதுதான். ஒரு சிறு கட்டி அந்தத் துளையை அடைத்தால் இயந்திரம் நின்றுவிடும். அதைவிட மோசம், பிளேட்லெட்டெல்லாம் கட்டிக்குள் மாட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைவாக வரும். டெங்கிக் காலத்தில் அப்படி ஒரு தப்பான 20 ஆயிரம் ஒரு குடும்பத்தையே உலுக்கிவிடும். பிளேட்லெட் திடீரென்று குறைந்தால் முதலில் டியூபைத் திறந்து குச்சியால் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஸ்லைடு போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பயணம்

பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) லேபுக்கு வேனில் வரும் சாம்பிள், மருத்துவமனைக்குள் காற்றழுத்தக் குழாயில் பறந்து வரும் சாம்பிள், இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: என்ன வெப்பத்தில், எவ்வளவு நேரம்? வெளியே 32 டிகிரி. வேனை மூடி நிறுத்தினால் இன்னும் கூடும். அதற்காக எல்லாவற்றையும் ஐஸில் போடக்கூடாது. பிரிக்காத ரத்தத்தைக் குளிர வைத்தால், அணுக்களுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் பம்பு வேலை செய்யாமல் போய், பொட்டாசியம் வெளியே கசியும். அமோனியா சோதனைக்கு ஐஸ் வேண்டும். பிலிருபினுக்கு வெளிச்சம் ஆகாது, மஞ்சள்காமாலைக் குழந்தையின் டியூபை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ரத்தக் கல்ச்சரையும் முதுகுத்தண்டு நீர்க் கல்ச்சரையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில கிருமிகள் செத்துவிடும், பிறகு ஒன்றும் வளரவில்லை என்று தவறான நிம்மதி வரும். சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் வராது என்றால் மட்டும் அதை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வெளியே அனுப்பும்போது மூன்று அடுக்கு: கசியாத டியூப், உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாவது உறை, உறுதியான வெளிப்பெட்டி. உள்ளே நோயாளி சாம்பிள் இருப்பதைக் காட்டும் யூஎன் 3373 என்ற சாய்சதுர அடையாளம் அதில் இருக்கும். உலர்பனி போட்டால் பெட்டியைக் காற்றுப் புகாதபடி அடைக்காதீர்கள். அது மைனஸ் 78 டிகிரியில் நேராக வாயுவாகும், அடைத்த பெட்டி வெடிக்கும்.

ஆறாம் படி: சுற்றுவது

சென்ட்ரிஃபியூஜ் பிறந்தது மருத்துவமனையில் இல்லை, பால் பண்ணையில். ஸ்வீடனில் குஸ்டாஃப் டி லாவல் 1878-இல் பாலிலிருந்து ஆடையைத் தொடர்ந்து பிரிக்கும் இயந்திரம் செய்தார். கனமானது வெளியே போகும், இலேசானது உள்ளே தங்கும். ரத்தத்திலும் அதே கணக்கு.

மஞ்சள் மூடியை எடுத்ததும் சுற்றக்கூடாது. 30 நிமிடம் நிறுத்தி வைத்து உறையவிடுங்கள். ஹெப்பாரின் அல்லது வார்ஃபரின் எடுப்பவர் ரத்தம் இன்னும் நேரம் எடுக்கும். உறையாமல் சுற்றினால் சீரத்தில் பிறகு நார்போல ஒன்று உருவாகி இயந்திரத்தின் ஊசியை அடைக்கும். மஞ்சள் மூடிக்குள் அடியில் இருக்கும் ஜெல் ஓர் அழகான யோசனை. அதன் அடர்த்தி சீரத்துக்கும் அணுக்களுக்கும் நடுவில் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். சுற்றும்போது அது தானாக மேலேறி நடுவில் சுவராக நின்றுவிடும். ஒரு முறை சுற்றிய ஜெல் டியூபை இன்னொரு முறை சுற்றாதீர்கள். ஜெல்லுக்குக் கீழே மணிக்கணக்கில் ஊறிய பொட்டாசியம் மேலே வந்துவிடும்.

வேகத்தைப் பற்றி எல்லாப் புதியவர்களும் ஒரே தவறு செய்கிறார்கள். ஊரில் 3000 சுற்று வைத்தோம், இங்கேயும் 3000 வைப்போம் என்று நினைக்கிறார்கள். சுற்று எண்ணிக்கை மட்டும் ஒன்றும் சொல்லாது, சுழலும் கையின் நீளமும் வேண்டும். நிமிடச் சுற்று எண்ணை அதே சுற்று எண்ணால் பெருக்கி, அதைச் சென்டிமீட்டரில் எடுத்த ஆரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் 0.00001118-ஆல் பெருக்குங்கள். வருவது ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு விசை என்பது. 10 செ.மீ. ஆரத்தில் 3000 சுற்று என்றால் சுமார் 1000 ஜி. அதே 3000 சுற்று 16 செ.மீ. ஆரத்தில் சுமார் 1600 ஜி. ஜெல் டியூபுக்குப் பொதுவாக 1000 முதல் 1300 ஜி, 10 நிமிடம். உறைதல் சோதனைக்கு பிளேட்லெட் கிட்டத்தட்ட இல்லாத பிளாஸ்மா (உறையவிடாத ரத்தத்தின் நீர்ப்பகுதி) வேண்டும், அதற்கு 1500 ஜி, 15 நிமிடம்.

எதிரெதிராகச் சம எடை வையுங்கள். ஒற்றைப்படை என்றால் அதே வகை டியூபில் அதே அளவு தண்ணீர் ஊற்றி எதிரில் வையுங்கள். உள்ளே ஏதாவது உடைந்த சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறக்காமல் 30 நிமிடம் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளிகள் அடங்கட்டும்.

சின்ன வயதில் சோடா மூடியைத் தட்டி நசுக்கி, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுத்து விர்ரென்று சுற்றியிருப்பீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு அதே விளையாட்டுத் தத்துவத்தில் காகிதத் தட்டும் நூலும் கொண்டு கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் செய்தது. எடை 2 கிராம், விலை 20 அமெரிக்க சென்ட், வேகம் நிமிடத்துக்கு 125,000 சுற்று வரை. ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தது. மின்சாரம் இல்லாத கிராமங்களை நினைத்துச் செய்தது. அதைப் படித்த நாளில் எனக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்தான் நினைவுக்கு வந்தது.

ஏழாம் படி: பிரித்து வைப்பது

ஒரு காலத்தில் லேபில் ரத்தத்தையும் சீரத்தையும் கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சி அளந்தார்கள். அப்படி நோய் தொற்றியவர்கள் உண்டு. ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் அதை வெறுத்துத்தான் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வைத்த பிப்பெட்டைச் செய்தார், 1957-இல் அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நுனியை மட்டும் மாற்றினால் போதும். ஆளுக்கொரு நுனி, சாம்பிளுக்கொரு நுனி. கையை நேராக வைத்து, மெதுவாக உறிஞ்சுங்கள். பிப்பெட்டைச் சாய்த்து மேசையில் வைத்தால் திரவம் அதன் உடலுக்குள் ஓடிவிடும்.

சீரத்தை வைக்கும்போது ஒரே குப்பியில் முழுவதையும் ஊற்றாமல் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரியுங்கள். உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் புரதங்கள் கெட்டுவிடும். குப்பியின் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது திரவம் விரியும். சில நாளுக்கு 2 முதல் 8 டிகிரி, சில வாரங்களுக்கு மைனஸ் 20, ஆண்டுக்கணக்கில் என்றால் மைனஸ் 80. வீட்டில் இருப்பதுபோல் பனி படியாத ஃப்ரீசரை லேபுக்கு வாங்காதீர்கள். பனியை உருக்க அது அவ்வப்போது தன்னையே சூடாக்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் உங்கள் சாம்பிள் கொஞ்சம் உருகும். வெளியே எடுத்து உருகவிட்ட சீரம் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும், புரட்டிக் கலக்காமல் இயந்திரத்தில் வைத்தால் மேல் அடுக்கைத்தான் அளப்பீர்கள்.

எல்லாச் சாம்பிளுக்கும் ஃப்ரீசர் தேவையும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்தைத் தடித்த வடிகட்டித் தாளில் சொட்டவிட்டுக் காயவைத்தாலே சோதிக்கலாம் என்று காட்டினார். தபாலிலேயே அனுப்பலாம். அந்த அட்டை உங்கள் கைக்கு வந்தால், ஒவ்வொரு வட்டமும் ஒரே துளியில் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். துளி மேல் துளி போட்டிருந்தால் ஏற்காதீர்கள். சில மணி நேரம் படுக்கையாகக் காயட்டும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக்கூடாது. குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிப்பதை சிங்கப்பூர் 1965-இலேயே தொடங்கிவிட்டது. கடும் மஞ்சள்காமாலையால் குழந்தைகளின் மூளை பாதிக்கப்படுவதைத் தடுத்த வேலை அது. நம் வீடுகளில் துணி அலமாரியில் போடும் ரசகற்பூர உருண்டை அந்தக் குழந்தைகளுக்கு ஆகாது என்று இங்கே தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்புவது அந்தச் சோதனையால்தான்.

எட்டாம் படி: ரத்த வங்கி மேசை

இங்கே உட்காரும் நாளில் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

நீல மூடிக்குள் இருக்கும் அதே சிட்ரேட்தான் ரத்த வங்கியையும் சாத்தியமாக்கியது. 1914-இல் பெல்ஜியத்தில் ஆல்பெர்ட் ஹுஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை நோயாளிக்கு ஏற்றிக் காட்டினார்கள். அதற்கு முன் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டியிருந்தது. 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் ரத்தத்தைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு வங்கி என்று பெயர் வைத்தார். அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில்தான். 1950 வாக்கில் கார்ல் வால்ட்டரும் வில்லியம் மர்ஃபியும் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். உடையாது என்பது சின்ன லாபம். பைகளைக் குழலால் இணைத்து, காற்றே படாமல் ஒரே கொடையைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரிக்க முடிந்தது. ஒருவர் கொடுத்த ரத்தம் மூன்று பேருக்குப் போனது.

அதனால்தான் மூன்றுக்கும் மூன்று வீடு. சிவப்பணு 2 முதல் 6 டிகிரி, அணுக்களைக் காக்கும் சேர்க்கைக் கரைசல் இருந்தால் 42 நாள் வரை. பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரி, ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், சில நாட்கள் மட்டும். பிளாஸ்மா உறைந்த நிலையில். பிளேட்லெட்டைப் பாசத்தோடு ஃப்ரிட்ஜில் வைக்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைத் தூக்கி எறிய வேண்டியதாகிவிடும். வார்டுக்குப் போன சிவப்பணுப் பை 30 நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்தால் மீண்டும் கையிருப்பில் சேர்க்க மாட்டோம்.

குரூப் பார்ப்பதற்கு வருவோம். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் குரூப்களை அறிவித்தார். 1945-இல் கூம்ப்ஸ், மௌரன்ட், ரேஸ் மூவரும் கண்ணுக்குத் தெரியாத எதிர்ப்புப் பொருள்களைக் காட்டும் சோதனையைக் கொடுத்தார்கள். இன்று நீங்கள் ஜெல் அட்டையில் பார்ப்பதும் அந்தத் தத்துவம்தான்: ஒட்டிய அணுக்கள் ஜெல்லின் மேலே நிற்கும், ஒட்டாதவை அடியில் போய் உட்காரும். ஆனால் எந்த அட்டையாலும் கண்டுபிடிக்க முடியாத தவறு, ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் வருவது. அட்டை அந்த ரத்தத்தின் குரூப்பைச் சரியாகச் சொல்லிவிடும், ஆள்தான் வேறு. அதனால்தான் முதல் முறை வரும் நோயாளிக்கு, வேறு நேரத்தில் எடுத்த இரண்டாவது சாம்பிள் கேட்கிறோம். எழுத்துப்பிழை ஒன்று இருந்தாலும் சாம்பிளை ஏற்காதீர்கள். “நானே திருத்திடறேன்” என்று யார் கெஞ்சினாலும் சரி.

இங்கே நாட்டின் ரத்தக் கையிருப்பைச் சுகாதார அறிவியல் ஆணையம் பார்த்துக்கொள்கிறது, கொடையாளர்களைத் திரட்டுவது சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம். ஊட்ரம் ரோட்டில் இருக்கும் ரத்த வங்கிக்கு ஒரு முறையாவது கொடையாளராகப் போய் வாருங்கள். சீனர், மலாய்க்காரரைவிட நம்மவர்களிடம் ஆர்எச் நெகட்டிவ் அதிகம். அந்த ரத்தம் வேண்டுமென்று அழைப்பு வரும்போது நம் ஆட்களின் பங்கு எவ்வளவு பெரியது என்று இந்த மேசையில் உட்கார்ந்தால் தெரியும்.

கை குத்திக்கொண்டால்

ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். நேராக ஊசிப் பெட்டிக்குள் போடுங்கள், முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பிழியவோ வாய் வைக்கவோ வேண்டாம். உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் மணிக்கணக்கில் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டுவார்களோ, ஒப்பந்தம் போய்விடுமோ என்று மறைப்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்தான். தயவுசெய்து மறைக்காதீர்கள். வேலையில் சேரும்போதே ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்றும் பாருங்கள்.

சாம்பிளில் என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக்கூடாது என்பதை இந்த ஊர் கடினமாகக் கற்றது. 2003 செப்டம்பரில், சார்ஸ் பரவல் ஓய்ந்த பிறகு, வெஸ்ட் நைல் வைரஸில் வேலை செய்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு சார்ஸ் வந்தது. அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. 2005-இல் ஆபத்தான கிருமிகளையும் நச்சுகளையும் கையாள்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. இன்னொரு பக்கம் பாருங்கள். 2020-இல் டியூக்-என்யுஎஸ்ஸில் வாங் லின்ஃபா குழுவினர் செய்த சிபாஸ் சோதனை, கொவிட் கிருமியைத் தடுக்கும் எதிர்ப்புப் பொருள்களை உயிருள்ள வைரஸ் இல்லாமலேயே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தது. அதற்கு முன் அந்த வேலைக்கு உயர்பாதுகாப்பு லேபும் சில நாட்களும் வேண்டியிருந்தது.

கடைசிப் படி: போன்

முடிவு ஆபத்தான அளவில் வந்தால் கணினியில் ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. முதலில் டியூபைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெயர் சரியா, நிறம் சரியா, அளவு சரியா, கட்டி இருக்கிறதா? அதற்கு ஒரு நிமிடம் போதும். பிறகு வார்டை அழைத்து, நோயாளியின் பெயரையும் எண்ணையும் சொல்லி, முடிவைச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் போனில் ஒன்றுபோலவே கேட்கும், அதனால் ‘ஒன்று, ஐந்து’ என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். நம் உச்சரிப்பு அவர்களுக்கும் அவர்கள் உச்சரிப்பு நமக்கும் பழகச் சில வாரம் ஆகும், வெட்கப்படாமல் மறுபடி கேளுங்கள். யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அப்புறம் அந்த டியூபை மூடி, அன்றைய தேதியிட்ட ரேக்கில் வைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு மருத்துவர் இன்னொரு சோதனை சேர்க்கச் சொல்லி அழைத்தால், அந்தத் தாத்தாவை மறுபடியும் குத்த வேண்டியிருக்காது.